செராமிக்கைக் கழற்றி இரும்பைப் பூட்டலாமா? வேகக் கார் பிரேக்குகள் பற்றி ஓர் ஆய்வு

போர்ஷே 911 ஜிடி3 காரை வாங்குகிறவர் இரும்பு பிரேக்கோடு எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் பல ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுத்தால் கார்பன் செராமிக் பிரேக் கிடைக்கும். சக்கரக் கம்பிகளுக்கு நடுவே தெரியும், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபர் மஞ்சளாக இருந்தால் உள்ளே இருப்பது பொதுவாகச் செராமிக். சிவப்பாக இருந்தால் இரும்பு. அப்படிக் காசு கொடுத்துச் செராமிக் வாங்கியவர்களில், காரை அடிக்கடி பந்தயத்தடத்துக்குக் கொண்டுபோகிற பலர், அந்த டிஸ்க்குகளைக் கழற்றிப் பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டு வார்ப்பிரும்பு டிஸ்க்குகளைப் பூட்டிக்கொள்கிறார்கள். கார்வெட் இசட்06, பிஎம்டபிள்யூ எம்3, எம்4 வைத்திருப்பவர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு.

உயர்ந்ததைக் கழற்றிவிட்டு மலிவானதைப் பூட்டுவதாக இது வெளிப்பார்வைக்குத் தோன்றும். இப்படிச் செய்வது சரிதானா? சரியென்றால் யாருக்குச் சரி? மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்? பொருளியல்பு, வெப்பம், தேய்மானம், பந்தய அனுபவம், பொருத்தும் முறை, செலவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும்.

இரண்டு பொருள்கள், இரண்டு பிறப்புகள்

கார்பன் என்ற சொல் இங்கே கொஞ்சம் குழப்பம் தரும். ஃபார்முலா 1 காரில் இருப்பதும் வேகக் காரில் சாலையில் ஓடுவதும் ஒன்றல்ல. கான்கார்ட் விமானத்தின் சக்கரங்களிலும், 1976இல் பிரபாம் அணி சோதித்துப் பார்த்த ஃபார்முலா 1 காரிலும் இருந்தது கார்பன் இழையைக் கார்பனாலேயே கட்டிய டிஸ்க். அது நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் வீட்டுவாசலில் இருந்து கிளம்பும் காருக்கு அது ஆகாது.

சாலைக் காருக்கு வந்த கார்பன் செராமிக் வேறு. துண்டு துண்டாக நறுக்கிய கார்பன் இழையைப் பிசினோடு கலந்து அச்சில் அழுத்துகிறார்கள். காற்றுப் படாத உலையில் அதைச் சுட்டுப் பிசினைக் கரியாக்குகிறார்கள். கடைசியில், 1,414 டிகிரி செல்சியஸில் உருகும் சிலிக்கானை அதைவிட அதிகமான சூட்டில் அந்தக் கரிக்குள் ஊறவிடுகிறார்கள். சிலிக்கானும் கரியும் சேர்ந்து சிலிக்கான் கார்பைடு ஆகிறது. சாணைக்கல்லில் இருக்கும் அதே கடினப் பொருள்தான் இது. ஒரு டிஸ்க் முழுமையாக உருவாகப் பல நாட்கள் பிடிப்பதால்தான் அதன் விலை அவ்வளவு. இந்த டிஸ்க்கை 2001இல் 911 ஜிடி2 காரில் போர்ஷே பொருத்தி வெளியிட்டது. 2002இல் ஃபெராரி என்ஸோ, பிரெம்போ நிறுவனத்தின் செராமிக் டிஸ்க்கோடு வந்தது. பிறகு ஜெர்மனியின் எஸ்ஜிஎல் நிறுவனமும் இத்தாலியின் பிரெம்போவும் கூட்டுச் சேர்ந்து இந்த டிஸ்க்குகளைத் தயாரிக்கத் தொடங்கின.

வார்ப்பிரும்பின் கதை இதைவிடப் பழையது. இதிலும் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு கார்பன் இருக்கிறது. சாம்பல்நிற வார்ப்பிரும்பில் அது மெல்லிய கிராஃபைட் செதில்களாகப் படிந்திருக்கும். அந்தச் செதில்கள் வெப்பத்தை வேகமாகக் கடத்துகின்றன, அதிர்வையும் கீச்சொலியையும் உறிஞ்சுகின்றன. உலோகம் மலிவு, உருக்கி வார்க்க எளிது, தேய்ந்தால் மறுபடி உருக்கலாம். பெரிய குறை ஒன்றுதான்: கனம். ஒரு கன சென்டிமீட்டர் வார்ப்பிரும்பு 7 கிராமுக்கு மேல் நிற்கும். அதே அளவு கார்பன் செராமிக் இரண்டரை கிராமைத் தொடாது. செராமிக் டிஸ்க் பெரிதாக இருந்தாலும் இரும்பில் ஏறக்குறையப் பாதி எடைதான் என்று போர்ஷே சொல்வது இதனால்தான். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 15 முதல் 20 கிலோ வரை மிச்சமாகும்.

ஒரு முறை பிரேக் பிடித்தால்

பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக மாற்றும் கருவி. ஓட்டுநரோடு 1,500 கிலோ எடையுள்ள கார், நேர்த்தடத்தின் முடிவில் 250 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வளைவுக்காக 100க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்றரை, நான்கு விநாடிகளில் சுமார் 30 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாறியாக வேண்டும். அதில் பெரும்பங்கு முன்சக்கரங்களின் தலையில் விழும். ஒரு முன் டிஸ்க்குக்கு 10 லட்சம் ஜூல் என்று கொள்ளலாம்.

இனி எடையைப் பார்ப்போம். 12 கிலோ இரும்பு டிஸ்க்கை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 6,000 ஜூல் வேண்டும். செராமிக் ஒரு கிலோவுக்கு இரும்பைவிட அதிக வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் டிஸ்க்கின் எடையே 6 கிலோதான். அதனால் அதற்கு ஒரு டிகிரிக்கு 4,800 ஜூல் போதும். ஆக, அதே ஒரு பிரேக்கில் இரும்பு சுமார் 165 டிகிரி ஏறினால் செராமிக் 200 டிகிரிக்கு மேல் ஏறும். தோராயக் கணக்குதான் என்றாலும், விவாதம் முழுவதும் இதில்தான் தொங்குகிறது. எடையைக் குறைத்தபோது வெப்பத்தைத் தாங்கிவைக்கும் பாத்திரமும் சிறிதாகிவிட்டது. இரும்பில் 380 மில்லிமீட்டர் டிஸ்க்கோடு வந்த 991 தலைமுறை ஜிடி3க்கு, செராமிக் என்றால் முன்னால் 410, பின்னால் 390 என்று போர்ஷே பெரிதாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

செராமிக் ஆதரவாளர்கள் இங்கே ஒரு நியாயத்தை முன்வைப்பார்கள்: அந்தச் சூட்டை அது தாங்கும். உண்மைதான். இரும்பு 700 டிகிரியைத் தாண்டினால் அதன் உள்ளமைப்பு மாறத் தொடங்கி, மேற்பரப்பில் மயிரிழை விரிசல்கள் ஓடும். செராமிக் அந்தச் சூட்டில் வளையாது, மென்மையாகாது. அதனால் டிஸ்க் உடனே தோற்றுப்போவதில்லை. ஆனால் அந்தச் சூடு டிஸ்க்கை உரசும் பேடுக்குப் போகிறது, காலிபருக்குப் போகிறது, பிரேக் ஆயிலுக்குப் போகிறது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் மிதி தரையைத் தொடும். அப்போது டிஸ்க் எதனால் செய்தது என்பதற்கு அர்த்தமே இல்லை.

மில்லிமீட்டரா, கிராமா?

இரும்பு டிஸ்க் தேய்வது கண்ணுக்குத் தெரியும். விளிம்பில் வரப்பு எழும். எந்த மெக்கானிக்கும் அளவுகோலை வைத்துத் தடிமனைப் பார்த்து, டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனோடு ஒப்பிட்டு, மாற்றலாமா வேண்டாமா என்று சொல்லிவிடுவார்.

செராமிக் டிஸ்க் தேய்வது வேறு விதம். சாதாரணச் சாலை ஓட்டத்தில் அதன் முகம் தேய்வதே அரிது. காரின் ஆயுள் முழுக்க அதே டிஸ்க் ஓடிவிடும் என்று சொல்வதில் மிகையில்லை. பந்தயத்தடத்தில் மீண்டும் மீண்டும் உச்சச் சூட்டுக்குப் போகும்போதுதான் நிலைமை மாறுகிறது. டிஸ்க்குக்குள் இருக்கும் கார்பன் இழை ஆக்சிஜனோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துபோகிறது. தடிமன் ஏறக்குறைய அப்படியே இருக்கும், எடை மட்டும் குறையும். கரையான் தின்ற மரக்கதவு வெளியே முழுசாகத் தெரிவதைப் போல. அதனால்தான் இந்த டிஸ்க்குகளின் நடுப்பகுதியில் குறைந்தபட்ச எடையைப் பொறித்திருப்பார்கள். சரியாகச் சோதிக்க வேண்டுமானால் கழற்றித் தராசில் நிறுத்த வேண்டும், அல்லது அதற்கென்று உள்ள மின்கருவியை வைத்து அளக்க வேண்டும்.

இதற்கு மேல் ஒரு பலவீனம் உண்டு. செராமிக் அழுத்தத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது அதன் உள்விளிம்பு டிஸ்க்கில் மோதினால் ஓரம் சிதறலாம். சக்கரத்தை நேராக உள்ளே செலுத்த வழிகாட்டிக் கம்பியைத் திருகிக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். டிராக்கில் ஒரே நாளில் இரண்டு மூன்று முறை டயர் மாற்றுகிற அவசரத்தில் இந்தக் கவனம் தவறினால் பெரிய நஷ்டம். போர்ஷே செராமிக் டிஸ்க்குகள் நான்கையும் புதிதாக மாற்றினால் செலவு 20,000 டாலரைத் தாண்டும். நல்ல இரும்பு டிஸ்க் தொகுதிக்குச் சில ஆயிரம் டாலர் போதும். இரண்டு துண்டாக வரும் வகையில் நடுவில் உள்ள அலுமினியக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு தேய்ந்த இரும்பு வளையத்தை மட்டும் மாற்றலாம். அது இன்னும் சல்லிசு.

பந்தயக் கார்கள் தரும் சான்று

போர்ஷே தன் வாடிக்கையாளர்களுக்கு விற்கும் பந்தயக் காரான 911 ஜிடி3 கப், 991, 992 தலைமுறைகளில் முன்னும் பின்னும் 380 மில்லிமீட்டர் இரும்பு டிஸ்க்கோடு ஓடுகிறது. ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்திலும் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்திலும் முன்வரிசையில் ஓடும் ஜிடி3 வகுப்புக் கார்கள் எல்லாமே இரும்பில்தான் நிற்கின்றன. கார்பன் பிரேக்குக்கு அந்த வகுப்பின் விதியில் இடமில்லை.

இதை வைத்து இரும்பே சிறந்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்த விதி செலவைக் கட்டுப்படுத்த வந்தது. விதி அனுமதிக்கும் இடத்தில், அதாவது ஃபார்முலா 1இலும் லெ மான் பந்தயத்தின் உச்ச வகுப்புக் கார்களிலும், கார்பன்தான் ஆள்கிறது; அதுவும் கார்பனால் கட்டிய கார்பன். ஆனால் ஒன்று உறுதியாகிறது. சரியான பேடும் காற்றோட்டமும் இருந்தால் 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்றின் இறக்கங்களிலும் ஏற்றங்களிலும் இரவும் பகலும் வேலைசெய்ய இரும்பால் முடியும். இடையில் டிஸ்க்கையும் பேடையும் மாற்ற நேர்ந்தாலும் சில நிமிட வேலை. பணம் கட்டித் தன் சொந்தக் காரை ஒரு நாள் டிராக்கில் ஓட்டிப் பார்க்கிறவருக்கு அந்த அளவு நம்பகம் தாராளம்.

மாற்றுவதற்கு இரண்டு வழிகள்

முதல் வழி, செராமிக் டிஸ்க்கின் அதே விட்டத்திலும் அதே தடிமனிலும் செய்த இரும்பு டிஸ்க்கை வாங்கி, இருக்கும் காலிபரிலேயே பூட்டுவது. இதற்கென்று டிஸ்க் செய்து விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. வேலை எளிது, திரும்பச் செராமிக்குக்குப் போவதும் எளிது. ஆனால் 410 மில்லிமீட்டர் விட்டத்தில் இரும்பு என்றால் கனம் அதிகம். தொழிற்சாலை தரும் 380 இரும்பைவிடவும் கூடிவிடும்.

இரண்டாவது வழி, அந்தக் காரின் இரும்பு வகைக்குத் தொழிற்சாலை தரும் டிஸ்க், காலிபர், தாங்கி எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிப் பூட்டுவது. அல்லது பந்தயக் காலிபர் நிறுவனங்கள் விற்கும் முழுத் தொகுதியைப் பூட்டுவது. செலவு கூடும். ஆனால் டிஸ்க்கின் விட்டம், காலிபர் பிஸ்டனின் பரப்பு, பேடின் உயரம் எல்லாம் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்து அமைந்திருக்கும். சிறிய டிஸ்க் என்பதால் சிறிய சக்கரமும், அதோடு விலை குறைந்த டிராக் டயரும் போட முடியும்.

இரண்டையும் கலக்கப் போனால்தான் வம்பு. முன்னால் 410ஐ 380 ஆக்கினால், பேட் அழுத்தும் இடத்தின் ஆரம் 15 மில்லிமீட்டர் குறையும். பிடிமானத்தில் அது எட்டு சதவீதத்துக்கு மேல். பின்னால் 390ஐ 380 ஆக்கினால் குறைவது மூன்று சதவீதம்தான். காலிபரையும் பிஸ்டனையும் மாற்றாமல் இதைச் செய்தால் பிரேக்கின் சமநிலை பின்சக்கரத்தை நோக்கிச் சாய்கிறது. எஞ்சினைப் பின்னால் சுமக்கும் காரில், வளைவுக்குள் நுழையும்போது பின்பக்கம் கழன்று சுழல்வதற்கு இது வழிவகுக்கும். அரைகுறை மாற்றம் ஆபத்தானது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இன்னும் சில விஷயங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். செராமிக்குக்கான பேடை இரும்பில் போடக் கூடாது, இரும்புக்கான பேடைச் செராமிக்கில் போடக் கூடாது. புது டிஸ்க்குக்குப் புதுப் பேடே போட்டு, படிப்படியாகச் சூடேற்றிப் பேடின் மெல்லிய படலம் டிஸ்க் முழுவதும் சீராகப் படியும்படி ஓட்டிப் பழக்க வேண்டும். இந்தப் படலம் திட்டுத்திட்டாகப் படிவதைத்தான் பலர் டிஸ்க் வளைந்துவிட்டது என்று தவறாக எண்ணுகிறார்கள். சில கார்களில் ஏபிஎஸ் கணினிக்குள் பிரேக் வகை பதிவாகியிருக்கும். அதையும் மாற்ற வேண்டும். 911 போன்ற கார்களில் கைபிரேக்கின் சிறு டிரம் பின் டிஸ்க்கின் கிண்ணத்துக்குள்ளேயே இருக்கிறது. வாங்கும் டிஸ்க்கில் அது இருக்கிறதா என்று பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். துளையிட்ட டிஸ்க்கில் விரிசல் துளையிலிருந்தே கிளம்பும் என்பதால், டிராக்குக்குக் கீறல் போட்ட டிஸ்க் நல்லது.

இழப்பது என்ன?

இரும்புக்கு வருகிறவர் எதையும் இழப்பதில்லை என்று சொன்னால் அது பொய். சஸ்பென்ஷனுக்குக் கீழே தொங்கும் எடை ஒரு சக்கரத்துக்கு நான்கு, ஐந்து கிலோ கூடும். மேடுபள்ளத்தில் சக்கரம் தரையைத் தழுவிப் போவது கொஞ்சம் மந்தமாகும். ஸ்டீயரிங்கில் அந்த வேறுபாட்டை நுட்பமான கை உணரும். ஆனால் சக்கரத்தைச் சுழற்றுவதற்கான கூடுதல் சுமை பேசப்படும் அளவுக்குப் பெரிதல்ல. டிஸ்க், டயரைவிட மிகச் சிறிய ஆரத்தில் சுழல்வதால், ஐந்து கிலோ கூடினாலும் முடுக்கத்தின்போது சுழற்சியால் வரும் மேலதிகப் பாரம் ஒரு சக்கரத்துக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ அளவுதான்.

பிரேக் தூசு திரும்பி வரும். செராமிக் இருந்தபோது வாரக்கணக்கில் பளபளத்த சக்கரம் ஒரு நாள் ஓட்டத்தில் கறுத்துப்போகும். மழையில் நனைந்து இரண்டு நாள் நின்றால் டிஸ்க்கில் துரு ஏறும். நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும் என்றாலும், காரை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கிறவருக்கு அது தொந்தரவு. விற்கும்போது தொழிற்சாலை கொடுத்த செராமிக் டிஸ்க் தேயாமல் கையில் இருந்தால் மட்டுமே விலை நிற்கும்.

பதிலுக்குக் கிடைப்பது மிதியின் உணர்வு. காலில் கொடுக்கும் அழுத்தத்துக்கு ஏற்ப நிதானமாக ஏறும் பிடிப்பு, சூட்டிலும் குளிரிலும் அதிகம் மாறாத நடத்தை, விதவிதமான பேடுகளில் தனக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கும் வசதி, இவற்றுக்காகவே இரும்பை விரும்புகிறவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு முறை அழுந்தப் பிரேக் பிடிக்கும்போதும் எவ்வளவு பணம் எரிகிறது என்ற கவலை அகலும். பிரேக் பிடிக்கத் தயங்குகிற ஓட்டுநர், பிரேக் மோசமான காரில் இருப்பவரைவிடப் பாதுகாப்பானவர் அல்ல.

நடுவில் ஒரு வழி

இரும்பா, செராமிக்கா என்ற இரண்டே தெரிவுகள் இருந்த காலம் மாறி வருகிறது. 2017இல் புதிய கயேன் காரோடு போர்ஷே அறிமுகப்படுத்திய பிரேக்கில், இரும்பு டிஸ்க்கின் மேல் டங்ஸ்டன் கார்பைடு பூச்சு இருக்கிறது. காலிபர் வெள்ளை நிறம். தூசு வெகுவாகக் குறையும், டிஸ்க்கின் ஆயுள் கூடும், துருவும் அண்டாது. செராமிக்கைவிட விலையும் மிகக் குறைவு.

சட்டமும் இந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. ஐரோப்பாவின் யூரோ 7 விதி, புகைக்குழாயோடு நிற்காமல் முதன்முறையாகப் பிரேக் தூசுக்கும் எல்லை வகுக்கிறது. 2026 நவம்பர் 29 முதல் அனுமதிக்கு வரும் புதிய வகைக் கார்களில், மின்கார் என்றால் கிலோமீட்டருக்கு 3 மில்லிகிராம், மற்ற பெரும்பாலான கார்களுக்கு 7 மில்லிகிராம். பூச்சில்லாத இரும்புக்கு இது கடினமான எல்லை. ஆகவே இரும்பு மறைந்துபோகாது, தோல் மாற்றிக்கொள்ளும். ஆனால் பூச்சு தேய்ந்து போகும் அளவுக்கு டிராக்கில் ஓட்டுகிறவருக்கு வெறும் இரும்பே இன்னும் சில காலம் துணை.

முடிவு

ஆய்ந்து பார்த்ததில் தெளிவது இது. சாலையில் மட்டும் ஓடும் காருக்குச் செராமிக்கைக் கழற்றுவதில் எந்தப் பயனும் இல்லை. எடை குறைவு, தூசில்லை, துருவில்லை, காரின் ஆயுளுக்கு டிஸ்க் மாற்ற வேண்டியதில்லை; கொடுத்த பணம் கொடுத்ததுதான், அதன் பலனை அனுபவிப்பதே நல்லது. வருடத்துக்கு ஒன்றிரண்டு நாள் டிராக்குக்குப் போகிறவரும் மாற்ற வேண்டாம். ஆயிலை மாற்றி, டிஸ்க்கை எடைபோட்டுக் கண்காணித்தால் போதும். மாதந்தோறும் டிராக்குக்குப் போகிறவர், ஒவ்வொரு சுற்றிலும் காரை அதன் எல்லை வரை ஓட்டுகிறவர், இரும்புக்கு மாறுவதே அறிவு. அதைப் பின்னடைவாக நினைக்கத் தேவையில்லை.

மாற்றுகிறவர்கள் டிஸ்க், பேட், காலிபர், ஆயில், கணினிப் பதிவு எல்லாவற்றையும் ஒரே வேலையாகச் செய்யுங்கள். பாதி மாற்றி மீதியைத் தள்ளிப்போடாதீர்கள். கழற்றிய செராமிக் டிஸ்க்குகளை அன்றைக்கே எடைபோட்டு, எண்ணை எழுதி ஒட்டி, அடிபடாத இடத்தில் வையுங்கள்.